எத்திக்ஸில் நூற்றுக்கு நூறு

பி இல்ல தம்பி. சி. சி போடுங்க.

பாத்தீங்களா, பச்சை டிக் வந்துடுச்சு. மன்னிச்சுக்கிடுங்க, பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு அடுத்தவங்க லேப்டாப்பை எட்டிப் பாக்கறது தப்புதான். பொது இடத்துல நம்ம திரையை மத்தவங்க பாக்காம வச்சுக்கணும்னு ரெண்டாவது பாடத்துல வரும், நீங்க இன்னும் அங்க வரல. ஆனா கண்ணு முன்னால ஒருத்தர் தப்பான விடையை அழுத்தப் போறாருன்னா என்னால வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாது.

வருஷா வருஷம் பண்ணச் சொல்ற எத்திக்ஸ் பயிற்சிதானே? பாடம் நடத்தற அந்த அம்மா குரலைக் கேட்டதுமே நினைச்சேன். எந்தக் கம்பெனியில இருந்தாலும் இதே பாடம்தான், ஒரே இடத்துல செஞ்சு எல்லாருக்கும் விக்கறாங்க. அந்த அம்மா பேசி முடிக்கிற வரைக்கும் 'நெக்ஸ்ட்' பொத்தான் சாம்பல் கலர்லயே நிக்கும். நீங்க தட்டோ தட்டுன்னு தட்டினாலும் அசையாது. விடுங்க, தட்டாதீங்க. அவங்க பேசட்டும், நாம பேசுவோம்.

எங்க இறங்கறீங்க? திருச்சியா? நல்லதாப் போச்சு, நானும் திருச்சிதான். புதுக் கம்பெனியில சேரப் போறேன். இன்னும் பரனூர் டோல்கேட்டே வரல, அதுக்குள்ள நீங்க மொதப் பாடத்தை முடிச்சிட்டீங்க. எப்படியும் விழுப்புரத்துக்குள்ள ஆறாவது பாடம் வந்துடும். எனக்கு அந்த ஆறாவது பாடத்தைப் பாக்கணும் தம்பி. பாத்தே ஆகணும். ஏன்னு கேளுங்க. சரி, நீங்க கேக்கலேன்னாலும் சொல்றேன்.

என் பேர் தாணுலிங்கம். சொந்த ஊர் நாகர்கோவில். சென்னையில சாப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்தேன். மத்தவங்க எழுதின ப்ரோகிராம்ல எங்க தப்பு இருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. அதுல நான் கெட்டிக்காரன், பாத்துக்கிடுங்க. என் கண்ணுல ஒரு தப்பு தப்பாது.

அதோ வந்துட்டான் பாருங்க, நீலச் சட்டை. இவன்தான் மார்க். இந்தப் பாடத்துல வர்ற எல்லாத் தப்பையும் இவன்தான் பண்ணுவான். லேப்டாப்பைக் காபிக் கடையில விட்டுட்டுப் போவான். எவனோ குடுக்கிற வாட்ச்சைக் கையில கட்டிக்குவான். லிப்ட்டுல நின்னுக்கிட்டு கஸ்டமர் விஷயத்தை ஊருக்கே கேக்கற மாதிரி போன்ல பேசுவான். எத்தனை வருஷமா பாக்கறேன், அவனை இன்னும் வேலையை விட்டு அனுப்பல. அதை மனசுல வச்சுக்கிடுங்க.

எங்க டீம்ல என்ன ஆச்சுன்னா, ஒரு தடவை எல்லாருக்கும் தலைக்கு மேல வேலை. அந்த நேரம் பாத்து எச்.ஆர்.லேருந்து மெயில் மேல மெயில், எத்திக்ஸ் முடிக்கலேன்னா பேரைப் பெரிய இடத்துக்கு அனுப்புவோம்னு. பிரகதீஸுன்னு ஒரு பையன், குழந்தைக்குக் காய்ச்சல்னு வீட்டுக்கும் ஆபீசுக்கும் அலைஞ்சுக்கிட்டு இருந்தான். 'நீ போப்பா, உன் எத்திக்ஸை நான் பண்றேன்'னேன். அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஒவ்வொருத்தரா வந்து நின்னாங்க. 'அண்ணாச்சி, என்னோடதையும் கொஞ்சம்.' எனக்கு இல்லேன்னு சொல்லி வழக்கமில்ல. ஒரே நேரத்துல ஏழெட்டு ஜன்னலைத் திறந்து வச்சு, அந்த அம்மா வாயை ம்யூட்ல போட்டுட்டு, சி, ஏ, டி, டி, பி-ன்னு போட்டுக்கிட்டே போவேன். பியானோ வாசிக்கிற மாதிரி இருக்கும்.

அதுக்கு ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்ல தம்பி. மூணாவது பாடம் அது. செஞ்ச உதவிக்குப் பிரதியா எதையும் வாங்கக் கூடாது.

பாஸ்வேர்டா? ஆமா, அவங்க பாஸ்வேர்டு இல்லாம எப்படி உள்ள போறது? பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு மொதப் பாடத்துலயே இருக்குதான். அந்தப் பாடத்தைத் திறக்கிறதுக்கே பாஸ்வேர்டு வேணுமே, என்ன செய்யச் சொல்றீங்க? ஆனா ஒண்ணு. என்கிட்ட குடுத்த பாஸ்வேர்டு என்னைத் தாண்டிப் போனதில்ல. அந்த பிரகதீஸோட பாஸ்வேர்டு ஒரு பொண்ணு பேரு. அவன் சம்சாரம் பேரு இல்ல. யாரு பேருன்னு நான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்ல. அவன் இப்ப திருச்சியிலதான் இருக்கான், காஜாமலைப் பக்கம். உங்களுக்குத் தெரியுமா? சரி, தெரியாட்டி விடுங்க.

பரனூர் வந்துடுச்சு. சிக்னல் இருக்கா? இருக்குல்ல. விட்டுடாதீங்க.

ஒரு வருஷம் எங்க டீம் மொத்தமும் எத்திக்ஸுல நூத்துக்கு நூறு. ஒருத்தர் பாக்கியில்லாம! கம்பெனியே அசந்துபோச்சு. கண்ணாடியில ஷீல்டு செஞ்சு குடுத்தாங்க. எங்களையெல்லாம் நிக்க வச்சுப் படம் புடிச்சு லிப்ட்டுக்குப் பக்கத்துல மாட்டினாங்க. 'நேர்மைக்கு ஒரு குழு'ன்னு கீழ எழுதியிருந்துது. அந்தப் படத்துல நான் ஓரத்துல நிக்கிறேன். பெருமையை முன்னால நின்னு காட்டிக்கிறது எனக்குப் புடிக்காது.

அப்பதான் நிலோஃபர் வந்து சேர்ந்தா. ஆம்பூர்ப் பொண்ணு. காலேஜ் முடிச்ச கையோட வந்தவ. நல்ல பொண்ணுதான், ஆனா எதுக்கெடுத்தாலும் சந்தேகம் கேப்பா. இது ஏன் சார் இப்படி, அது ஏன் சார் அப்படி. மொத நாளே அவகிட்ட போய், 'ஏம்மா, எத்திக்ஸ்னு ஒண்ணு வரும். நீ கண்ணைக் கெடுத்துக்காத, பாஸ்வேர்டை மட்டும் குடு'ன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'பரவாயில்ல சார், நானே பண்றேன். படிச்சுப் பாக்கணும்'னா.

'படிக்க அதுல என்னம்மா இருக்கு?'ன்னு சிரிச்சேன். பக்கத்துல எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் கொஞ்சம் சிரிச்சுட்டு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா. புதுசா வந்த பொண்ணாச்சே, அவளுக்கு ரொம்ப அக்கறையாப் பண்ணினேன். ஒரு கேள்விகூடத் தப்பாம, ஆறு பாடத்துலயும் நூறு.

இப்ப என்ன பாடம் ஓடுது? மூணா? வாட்ச் வாங்கிட்டானா மார்க்? டி போடுங்க. 'மேற்கண்ட அனைத்தும்'னு இருந்தா கண்ணை மூடிக்கிட்டு டி போடலாம். அந்த ரகசியத்தை நான் யாருக்கும் சொன்னதில்ல.

அப்ப நாங்க பண்ணிக்கிட்டு இருந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கான வேலை. நோயாளிங்க பேரு, போன் நம்பர், என்ன வியாதி, எல்லாம் எங்க கம்ப்யூட்டர்ல இருந்துது. நிலோஃபருக்கு ஒரு நாள் ஒரு எரர் வந்துடுச்சு. போகவே மாட்டேங்குது. பிரகதீஸ்கிட்ட கேட்டா. 'நெட்ல கேளு'ன்னான். என்கிட்ட கேட்டா. நானும் அதையேதான் சொன்னேன். இதுல என்ன தப்பு? நீங்களும் நானும் அப்படித்தானே கத்துக்கிட்டோம்.

அவளும் கேட்டா. ப்ரோகிராமர்ங்க எல்லாம் சந்தேகம் கேக்கற பொது இடம் இருக்குல்ல, அங்க போய்க் கேட்டா. கேள்வி தெளிவா இருக்கட்டும்னு நோயாளிங்க பட்டியல்லேருந்து கொஞ்சத்தை எடுத்து அப்படியே ஒட்டிட்டா. நிஜப் பேரு, நிஜ நம்பர், நிஜ வியாதி. உலகமே பாக்கற இடத்துல! பதிலும் வந்துடுச்சு. ஒருத்தன் எரரைச் சரி பண்ணியே குடுத்துட்டான். இன்னொருத்தன், 'ஏங்க, இந்தப் பேரெல்லாம் நிஜமா?'ன்னு கேட்டான். அப்பதான் அவளுக்குச் சுருக்குன்னு ஆச்சு.

இதே தப்பைத்தான் நாலாவது பாடத்துல மார்க் பண்ணுவான். அச்சு அசல் இதே தப்பு.

அவ என்ன பண்ணினா, அதை அழிச்சுட்டு நேரா மேனேஜர் ரூமுக்குப் போய், 'நான் இப்படிப் பண்ணிட்டேன், அந்த நோயாளிங்களுக்குத் தகவல் சொல்லணும் சார்'னு அவளே சொல்லிட்டா. எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியாத விஷயம் இது. அழிச்சாச்சு, யாருக்கும் தெரியாது, கம்முனு இருக்க வேண்டியதுதானே? தப்பு நடந்தா உடனே மேலிடத்துக்குச் சொல்லணும்னு அஞ்சாவது பாடத்துல இருக்குங்கறது வாஸ்தவம். ஆனா அவதான் அஞ்சாவது பாடத்தைப் படிக்கவே இல்லையே! அவளுக்கு யாரு சொன்னாங்க?

மேல்மருவத்தூர். பாருங்க, எங்க பாத்தாலும் செவப்புச் சேலை. பஸ் இங்க கொஞ்சம் நிக்கும். நீங்க இறங்காதீங்க, நெக்ஸ்ட்டை அழுத்துங்க.

விசாரணை வச்சாங்க. வைஜயந்தி மேடம்னு, சட்டப் பிரிவுக்குத் தலைவி. அதிர்ந்து பேச மாட்டாங்க, அதான் பயமே. சீனியர்ங்கறதால என்னையும் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. கண்ணாடி ரூம். வெளியே போறவன் வர்றவன் எல்லாம் ஒரு பார்வை பாத்துட்டுப் போறான். நிலோஃபர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு துப்பட்டா நுனியைச் சுத்திச் சுத்தி விரலே செவந்து போயிருந்துது.

விஷயம் இதுதான். தெரியாமப் பண்ணியிருந்தா எச்சரிக்கை பண்ணி, திரும்பப் பாடம் படிக்கச் சொல்லி விட்டுடுவாங்க. தெரிஞ்சே பண்ணியிருந்தா வேலை போச்சு. அதுவும் காரணத்தை எழுதி அனுப்புவாங்க. நோயாளிங்க விவரத்தைத் தெரிஞ்சே வெளியில விட்டவன்னு பேர் வந்துட்டா இந்தத் தொழில்ல எவன் சேப்பான்? ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போயிடும். மேடம் அவ ரெக்கார்டை எடுத்தாங்க. எத்திக்ஸ் முடிச்சிருக்கா. நாலாவது பாடம் முடிச்சிருக்கா. 'உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு'ன்னாங்க.

நான் அவ்வளவு அக்கறையாப் போட்ட மார்க்கு அவ கழுத்துலயே வந்து நிக்குது. 

'நாலாவது பாடத்துல மார்க் பண்ணின தப்பு என்ன?'ன்னு கேட்டாங்க மேடம்.

நிலோஃபர் முழிச்சா. 'மார்க் யாரு மேடம்? எந்த டீம்?'

மேடத்துக்கு மூஞ்சி மாறிப்போச்சு. கிண்டல் பண்றாளோன்னு நினைச்சிருப்பாங்க. அந்தப் பொண்ணு நிஜமாவே யோசிக்கிறா, கேன்டீன்ல பாத்திருக்கோமா, எந்த மாடின்னு. 'இந்தப் பாடத்தை நீங்கதான் முடிச்சீங்களா?'ன்னு அடுத்த கேள்வி. அவ பேசல. மேடம் திரும்பக் கேட்டாங்க. பேசல. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. ஒரு வார்த்தை, 'தாணு சார்'னு சொல்லியிருந்தா போதும், அவ வேலை தப்பிச்சிருக்கும். சொல்லல பாத்துக்கிடுங்க.

நானா? நான் சரியான நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். எதையும் எடுத்தேன் கவுத்தேன்னு சொல்லிடக் கூடாதுல்ல.

மேடம் தாளைப் பாத்தாங்க. அவளைப் பாத்தாங்க. அப்புறம் என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. பாத்துட்டு, 'ம்ம், நாலாவது பாடத்துல தொண்ணூறுதான். ஒரு கேள்வி தப்பு'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்ட மாதிரி சொன்னாங்க.

'தொண்ணூறா? இருக்கவே இருக்காது மேடம்! நான் போட்டு நூறுக்குக் கீழ வந்ததே இல்ல!'ன்னேன்.

 நிலோஃபர் அப்பதான் நிமிர்ந்து என்னைப் பாத்தா.

அந்த ஒரு வாக்கியத்துல அவளைக் காப்பாத்திட்டேன் தம்பி. என் வேலை போனாலும் போகட்டும்னு, யோசிக்கவே இல்ல. அப்புறம் பாத்தா அந்தத் தாள்ல நூறுன்னுதான் இருந்துது. அவ்வளவு பெரிய பதவியில இருக்கறவங்க, ஒரு நம்பரைச் சரியாப் படிக்கத் தெரியல. கண்ணாடியை மாத்தணும் போல, பாவம்.

ஏன் சிரிக்கிறீங்க? சொல்லுங்க, நானும் சிரிக்கிறேன். சரி விடுங்க.

அதுக்கப்புறம் என் கம்ப்யூட்டரை நோண்டினாங்க. யாரு யாரு எத்திக்ஸ் எந்த மெஷின்லேருந்து முடிஞ்சுதுன்னு ஒவ்வொண்ணா வருது. எங்க டீம், பக்கத்து டீம், கீழ்மாடி அக்கவுன்ட்ஸ். மேடம் குறிச்சுக்கிட்டே வந்தாங்க. எம்.டி. பேரு வந்துது. சாரோடதையும் பண்ணிடுங்கன்னு அவரோட செக்ரட்டரி வந்து கேட்டிருந்தாரு, பெரிய மனுஷன் கேக்கும்போது எப்படி மாட்டேங்கறது? அந்த இடத்துல மேடம் பேனாவை மூடி வச்சுட்டு, 'தாணுலிங்கம், நீங்களா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடறீங்களா?'ன்னு தணிஞ்ச குரல்ல கேட்டாங்க. எழுதிக் குடுத்தேன். வழியனுப்ப கேக் வெட்டினாங்க. 'நேர்மைக்கு ஒரு குழு' படத்தை மட்டும் அன்னிக்கே எடுத்துட்டாங்க. ஆணி அப்படியே இருந்துது.

நிலோஃபருக்கு எச்சரிக்கையோட போச்சு. திரும்ப எத்திக்ஸ் பண்ணச் சொன்னாங்க. அவ அதை ம்யூட் போடாம, ஒவ்வொரு வரியா கேட்டு முடிச்சாளாம். முடிச்சதோட விடாம, இந்தப் பாடத்தைச் செய்யற கம்பெனிக்கு மெயில் எழுதியிருக்கா. உங்க மார்க் மாதிரி ஆளை நான் பாத்ததே இல்ல, எங்க ஆபீசுல நடக்கற தப்பு வேற மாதிரி இருக்கு, எல்லாம் நல்ல மனசுலதான் நடக்குதுன்னு. அவங்களுக்குப் புடிச்சுப்போய் அவளை வேலைக்கே எடுத்துக்கிட்டாங்க! எல்லாம் யாரால?

ஒரு நாள் போன் பண்ணினா. 'சார், உங்க கதையை ஆறாவது பாடமாப் போடலாம்னு இருக்கேன். பேரை மாத்திடுவோம். உங்க சம்மதம் வேணும். முழுசா படிச்சுப் பாத்துட்டுக் குடுங்க சார், அவசரம் இல்ல'ன்னா. பக்கம் பக்கமா ஒரு ஃபாரம் வந்துது. அதையெல்லாம் யாரு படிக்கிறது? கடைசிக்குப் போய் 'சம்மதம்'னு அழுத்தினேன். என்னைப் பத்தி நிலோஃபர் எழுதறா, நல்லதாத்தானே எழுதுவா. அவளுக்காக வேலையை விட்டவன் நான்.

இது நடந்து ரொம்ப நாளாச்சு. சமீபத்துல பிரகதீஸ் போன் பண்ணி, 'அண்ணாச்சி, மார்க்கை ஆறாவது பாடத்துலேருந்து தூக்கிட்டாங்க, அந்த இடத்துல நீங்கதான் வர்றீங்க!'ன்னு கத்தினான். எப்படி வர்றேன்னு கேட்டா விழுந்து விழுந்து சிரிக்கறான், சொல்ல மாட்டேங்கறான். நான் இத்தனை நாள் வேலையில இல்ல, பாடத்துக்குள்ள போக வழியில்ல. யாரு லேப்டாப்புலயாவது பாத்துட மாட்டோமான்னு இருந்தேன். இன்னிக்கு நீங்க மாட்டினீங்க.

விக்கிரவாண்டியா? டீ வேணாம் தம்பி. நீங்களும் இறங்காதீங்க. அஞ்சு முடிஞ்சுதா? அழுத்துங்க, அழுத்துங்க. சுத்துது பாருங்க. சுத்தட்டும்.

வந்துடுச்சு! அடேயப்பா. மீசையைப் பாருங்க. என் மீசைதான். கையில நான் ஆபீசுக்குக் கொண்டுபோற எவர்சில்வர் டிபன் கேரியர். பேரு என்ன போட்டிருக்கு? டானியா? தாணு, டானி. பேரை மாத்தின லட்சணத்தைப் பாருங்க! டானின்னு பேரை வச்சுட்டு நெத்தியில விபூதியை அழிக்க மறந்துட்டாங்க. நல்லா இருக்கேன்ல? மார்க்கை விடக் கொஞ்சம் உயரமாவே போட்டிருக்கா.

அந்தப் புதுப் பொண்ணு பொம்மையும் வருது. கண்ணாடி போட்டிருக்கா, நிலோஃபர் போட மாட்டா. 'நானே பண்றேன், படிச்சுப் பாக்கணும்'ங்கறா. டானி சிரிக்கிறான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க. ஆமா, இப்படித்தான் சிரிச்சேன். கூட இருக்கறவங்களும் சிரிக்கிறாங்க.

கேள்வி வந்துடுச்சு. 'டானி செய்தது என்ன?' ஏ, சக ஊழியர்களின் சுமையைக் குறைத்தார். ஏ போடுங்க. மத்ததைப் படிக்கவே வேணாம், ஏ தான்.

ஏன் யோசிக்கிறீங்க? என் கதை, எனக்குத் தெரியாதா? ஏ தம்பி.

சி போட்டுட்டீங்களே.

பச்சை.

சியில என்ன போட்டிருக்கு, நகருங்க, படிக்கிறேன். 'அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை, தெரிந்துகொள்ள விடாமல் செய்தார்.'

ம்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்துக்கவா? புழுக்கமா இருக்கு.

அவ அன்னிக்குச் சொன்னா இல்ல, படிச்சுப் பாக்கணும்னு. சொன்னேனே உங்ககிட்ட. மறக்கல பாருங்க அந்தப் பொண்ணு. சரி, சி சரின்னே வச்சுக்குவோம். ஏயும் முழுத் தப்பு இல்ல, ஏவுக்குப் பாதி மார்க்காவது குடுத்திருக்கலாம். நான் டெஸ்டிங் பண்ணியிருந்தா இதை எழுதி அனுப்பியிருப்பேன்.

உங்களுக்கு எவ்வளவு வந்துது? தொண்ணூத்தாறா? பரவாயில்ல, பாஸ்தான். நான் போட்டிருந்தா... சரி விடுங்க.

இது என்ன கடைசியில ஒரு பெட்டி? என் காலத்துல இது கிடையாதே. 'இந்தப் பயிற்சியை வேறு யாருடைய உதவியும் இன்றி நானே முடித்தேன்.' அடப்பாவமே. எனக்காகவே வச்சிருக்கா தம்பி. இத்தனை கம்பெனி, இத்தனை ஆளுங்க, அத்தனை பேருக்கும் கடைசியில என்னாலதான் ஒரு டிக்.

தம்பி, ஒரே ஒரு உதவி. மத்ததெல்லாம் நீங்களே பண்ணிட்டீங்க. அந்தப் பெட்டியில மட்டும் நான் டிக் போட்டுக்கட்டுமா?